மாலையானால் மஞ்சளுக்குப் போன சிக்னல்: ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரிக் கரையை ஒட்டிய ஒரு நடுத்தர நகராட்சியில், தெருவிளக்குப் பிரிவில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலைய நாற்சந்தியில் ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்த பழுதைப் பற்றியது இது. சிக்னலில் ஒரு புகார், தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு புகார். இரண்டும் வேறு வேறு நோட்டில் ஏறின. வேறு வேறு ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். காரணம் மட்டும் தரைக்கு இரண்டடி கீழே, ஒரே குழியில் இருந்தது. கண்டுபிடித்த வழியையும் அப்போது போட்டுப் பார்த்த கணக்கையும் இந்த வேலையில் இருப்பவர்களுக்காக முழுதாகவே எழுதுகிறேன். குழாய்க்காகச் சாலையைத் தோண்டிய ஊர் எதிலும் இப்படி ஒரு குழி இருக்கலாம்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்சந்தியின் மூலையில் சிக்னல் கன்ட்ரோலர் பெட்டி. அதிலிருந்து நான்கு பக்கக் கம்பங்களுக்கும் தரைக்கடியில் கேபிள் போகிறது. விளக்குகள் 230 வோல்ட் எல்.இ.டி. வகை. அதே மூலையிலிருந்து சற்றுத் தள்ளி எங்கள் தெருவிளக்கு பில்லர் பாக்ஸ், அதாவது விளக்குகளுக்குச் சப்ளை பிரிந்து போகிற பெட்டி: மீட்டர், டைமர், டைமர் சொன்னபடி சப்ளையைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் காண்டாக்டர், அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழுந்து (ட்ரிப் ஆகி) சப்ளையை நிறுத்தும் எம்.சி.பி. அங்கிருந்து பேருந்து நிலையச் சாலையின் நடைபாதை ஓரமாக 24 கம்பங்கள், கம்பத்துக்குக் கம்பம் ஏறக்குறைய 28 மீட்டர். நான்கு கோர் (உள்கம்பி) கொண்ட 16 ஸ்கொயர் மி.மீ. அலுமினிய ஆர்மர்டு (மேலே ஆர்மர் என்கிற இரும்புக் கவசம் சுற்றிய) கேபிள், ஒவ்வொரு கம்பத்திலும் இறங்கி ஏறிப் போகும். முன்பு 250 வாட் சோடியம் இருந்த இடத்தில் இப்போது 120 வாட் எல்.இ.டி. 2015 ஜனவரியில் மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டம் தொடங்கிய பிறகு நாடு முழுக்க நடந்த மாற்றம்தான் எங்கள் ஊரிலும் நடந்தது. விளக்கை மாற்றினார்கள், கேபிளையும் எர்த்தையும் பில்லரில் இருந்த எம்.சி.பி.யையும் தொடவில்லை. பின்னால் வரும் கணக்குக்கு இது முக்கியம்.

இரண்டு புகார்கள்

முதல் புகார் போக்குவரத்துக் காவலரிடமிருந்து. சாயங்காலம் ஆனால் சிக்னல் நான்கு பக்கமும் மஞ்சள் மட்டும் விட்டு விட்டு எரிய ஆரம்பித்துவிடும். பேருந்துகள் திரும்பும் நேரம், பள்ளி விட்டு டியூஷன் போகிற பிள்ளைகள் கடக்கிற நேரம். அவர் நடுவில் நின்று கையால்தான் வண்டிகளை விட வேண்டியிருந்தது. சிக்னல் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்தின் டெக்னீஷியன் மறுநாள் காலையில் வருவார், ரீசெட் செய்வார், எல்லாம் ஒழுங்காக ஓடும். விளக்குகளை ஓட்டும் கார்டையும் மாற்றிப் பார்த்தார். அடுத்த மழையன்று மாலையில் மறுபடி மஞ்சள். கடைசியில் புதுக் கன்ட்ரோலருக்கு விலைப்புள்ளி கேட்கிற வரைக்கும் போய்விட்டது.

இரண்டாவது புகார், நான்காவது கம்பத்தடியில் பூ கட்டி விற்கும் அம்மாவிடமிருந்து. மழை பெய்த ராத்திரி கம்பத்தில் சாய்ந்தால் சுர்ரென்று இழுக்கிறது என்றார். எங்கள் பிரிவு ஆட்கள் போய் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார்கள். பார்த்தது பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் காண்டாக்டர் திறந்து கிடக்கும், கேபிளில் கரன்ட்டே இருக்காது. டெஸ்டர் எப்படிக் காட்டும்?

தெருவிளக்குத் துறையில் அன்றாடம் நடப்பது இது. பழுது இரவில் இருக்கிறது, பழுது பார்க்கிறவர் பகலில் போகிறார். விளக்கு எரியவில்லை என்கிற புகாருக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை, பகலிலேயே ஆன் செய்து பார்த்துக்கொள்ளலாம். கசிவுப் புகாருக்கு ஈரமும் வேண்டும், சப்ளையும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கம்பம் நல்ல பிள்ளையாக நிற்கும்.

நேரம் காட்டிக்கொடுத்தது

சிக்னல் எங்கள் பொறுப்பில் இல்லை. ஆனாலும் ஒப்பந்த நிறுவனத்தின் டெக்னீஷியன் தம்பி கன்ட்ரோலரின் பதிவைத் திறந்தபோது கூட இருந்தேன். பதிவில் ஒரே வகைப் பழுதுதான் திரும்பத் திரும்ப இருந்தது: பச்சை மோதல். அதாவது ஒரு பக்கம் பச்சை விட்டிருக்கும்போது, சிவப்பில் இருக்க வேண்டிய இன்னொரு பக்கத்தின் பச்சைக் கம்பியிலும் மின்னழுத்தம் தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மஞ்சளுக்குப் போகிறது.

பதிவில் இருந்த நேரங்களைத்தான் நான் கவனித்தேன். அக்டோபர் நடுவில் ஆறு மணிக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னால். மாதக் கடைசிக்கு வரும்போது 5.50-ஐ ஒட்டி. நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. போக்குவரத்து நெரிசல் இப்படி நகராது, வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் நகராது. சூரிய அஸ்தமனம்தான் நகரும். எங்கள் பில்லரில் இருப்பது ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டு வைத்தால் அஸ்தமன நேரத்தைத் தானே கணக்கிட்டு விளக்கைப் போடுகிற டைமர். போய் அதன் நேரத்தைப் பார்த்தேன். விளக்கு எரிந்த சில நிமிடங்களுக்குள் சிக்னல் மஞ்சளுக்குப் போயிருக்கிறது. மழை இல்லாத நாட்களில் பதிவே இல்லை.

அப்புறம் பூக்கார அம்மாவின் புகார் ஞாபகம் வந்தது. அதுவும் மழை, அதுவும் இரவு, அதே சாலை.

ஈர ராத்திரியில் எடுத்த அளவுகள்

காவலரிடம் சொல்லி வைத்துவிட்டு, நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் அளந்தோம். முதலில் கன்ட்ரோலரை அணைத்து, பேருந்து நிலையச் சாலைப் பக்கம் போகும் சிக்னல் கேபிளின் கோர்களை டெர்மினலிலிருந்து கழற்றினோம். இரு முனையும் கழன்று, எதனோடும் சேராமல் நிற்கிற பச்சைக் கோரில், நியூட்ரலைத் தொட்டு மீட்டர் வைத்தால் 94 வோல்ட். எங்கள் பில்லரில் காண்டாக்டரைத் திறந்ததும் பூஜ்யம். மறுபடி மூடியதும் 94.

டிஜிட்டல் மீட்டர் காட்டுகிற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பக்கத்துக் கம்பியிலிருந்து தூண்டலால் வரும் பொய் வோல்டேஜையும் அது காட்டும். எனவே அந்தக் கோரில் ஒரு பச்சை எல்.இ.டி. விளக்கை மாட்டினோம். லேசாக மினுங்கியது, 70 வோல்ட் நின்றது. எல்.இ.டி.யைக் கழற்றிப் பழைய 60 வாட் குண்டு பல்பை மாட்டினால் 2 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. பிறகு சப்ளையை நிறுத்திவிட்டு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) போட்டதில் அந்தக் கோருக்கும் ஆர்மருக்கும் நடுவே வெறும் 0.03 மெகா ஓம். சந்தேகமே இல்லை, உறை கிழிந்திருக்கிறது.

குண்டு பல்பு காட்டியது பெரிய விஷயம். சிக்னலில் பழைய இழை பல்புகள் இருந்த காலத்தில், இவ்வளவு சின்னக் கசிவை அந்த பல்பின் குறைந்த மின்தடையே இழுத்துக் குடித்துவிடும். கன்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது. எல்.இ.டி. அவ்வளவு இழுக்காது. அதனால் கசிவு வோல்டேஜ் கம்பியில் அப்படியே நிற்கிறது, கன்ட்ரோலர் அதைப் பச்சை என்று எடுத்துக்கொள்கிறது. "எல்.இ.டி. போட்டதிலிருந்துதான் தொல்லை" என்று பலர் சொல்கிறார்கள். தொல்லை முன்பே மண்ணுக்குள் இருந்தது, எல்.இ.டி. அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

மோதலைக் கண்காணிக்கும் வசதியை அணைத்துவிட்டால் சிக்னல் ஓடுமே என்று அன்றைக்கு ஒரு யோசனையும் வந்தது. அதை ஒப்புக்கொள்ளவே கூடாது. ஒரு நாற்சந்தியில் எதிரெதிர் பச்சை எரியாமல் தடுக்கிற கடைசிக் காவல் அது. அந்தக் கன்ட்ரோலர் பழுதாகவில்லை. செய்ய வேண்டியதை மிகச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அதை அணைத்திருந்தால் சிக்னல் புகார் தீர்ந்திருக்கும், கம்பத்துக் கரன்ட் அப்படியே இருந்திருக்கும்.

அடுத்தது எங்கள் பக்கம். பில்லரிலிருந்து வெளியேறும் மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து டாங் டெஸ்டருக்குள் (கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்சாரத்தை அளக்கும் கருவி) விட்டேன். போவதும் வருவதும் சமமாக இருந்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். 4.2 ஆம்பியர் காட்டியது. அவ்வளவு மின்சாரம் நியூட்ரல் வழியாகத் திரும்பாமல் மண்ணுக்குள் இறங்கிப் போகிறது. நான்காவது கம்பத்துக்கும், தள்ளி அடித்த ஓர் எர்த் கம்பிக்கும் நடுவே 38 வோல்ட். ஐந்தாவது, ஆறாவது, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கம்பம் வரைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டாவது கம்பத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

அதாவது பூக்கார அம்மாவின் கம்பத்தில் மட்டுமல்ல, அதைத் தாண்டியும் வரிசையாகக் கரன்ட் இருந்தது. மற்றவர்கள் செருப்போடு நடந்து போகிறார்கள். அவர் ஈரத் தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்க்கிறார். அவர் உடம்புக்குத் தெரிந்தது.

ஏன் எதுவும் ட்ரிப் ஆகவில்லை?

இந்த நிகழ்வில் என்னை மிகவும் கலங்க வைத்தது இந்தக் கேள்விதான். கம்பங்களுக்கு எர்த் இருந்தது. ஐந்து கம்பத்துக்கு ஒரு எர்த் பைப் இறக்கியிருந்தார்கள். மூன்றாவது கம்பத்துக்கு அப்பால் எல்லாம் சேர்ந்து அளந்ததில் 9 ஓம். எர்த் இருந்தால் கரன்ட் மண்ணுக்குப் போய்விடும், ஃபியூஸும் போய்விடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். கசிவாக இல்லாமல், ஃபேஸ் கம்பி நேராக ஆர்மரிலேயே ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மின்சாரம் கம்பத்து எர்த் வழியாக மண்ணில் இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். இந்தப் பக்கம் 9 ஓம், அந்தப் பக்கம் ஏறக்குறைய 1 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10. 230 வோல்ட்டை 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். பில்லரில் இருந்தது 32 ஆம்பியர் எம்.சி.பி. அது அசையாது. கம்பங்களின் மேல் 9 ஓம் மடங்கு 23 ஆம்பியர், 207 வோல்ட் நிற்கும். இரவு முழுக்க நிற்கும்.

ஈரக் காலோடு தொடுகிற மனிதரின் உடம்பு ஏறக்குறைய ஆயிரம் ஓம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 207 வோல்ட் என்றால் 200 மில்லி ஆம்பியர். 38 வோல்ட்டிலிருந்து 207-க்கு நடுவே இருந்த தடுப்பு, இற்றுக்கொண்டிருந்த ஓர் இணைப்பும் கொஞ்சம் சேறும்தான்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2023 ஜூனில் புது டெல்லி ரயில் நிலையத்துக்கு வெளியே, தேங்கிய மழைநீரைக் கடக்கும்போது மின்கம்பத்தைப் பிடித்த ஒரு பெண் இறந்தார். நியூயார்க்கில் 2004 ஜனவரியில், பனி உருகிய தெருவில் நாயோடு நடந்த ஒரு பெண் தரையிலிருந்த மின்பெட்டி மூடியில் கால் வைத்து இறந்தார். அதற்குப் பிறகு 2005-இல் அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம், பொதுமக்கள் கைபடக்கூடிய மின்பெட்டிகள், தெருவிளக்குகள் எல்லாவற்றிலும் ஆண்டுதோறும் கசிவு பார்க்க வேண்டும் என்று ஆணையிட்டது.

32 ஆம்பியர் எப்படி வந்தது? சோடியம் காலத்தில் ஃபேஸுக்குப் பத்து ஆம்பியருக்கு மேல் ஓடியது, அதற்குப் போட்டது. இப்போது ஓடுவது 4 ஆம்பியருக்குச் சற்று மேல். விளக்கு மாறிய நாளில் காவலும் மாறியிருக்க வேண்டும். ஆனால் எம்.சி.பி.யைச் சின்னதாக்கினால் மட்டும் போதாது என்பதையும் இதே கணக்கு சொல்கிறது.

குழி

டைமரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பகலில் வேலை செய்யும்போது கேபிள் செத்துத்தான் கிடக்கும் என்கிற நினைப்பு ஆபத்தானது. வேலை இழுத்துக்கொண்டு போய் மாலையானால் டைமர் யாரையும் கேட்காமல் காண்டாக்டரை மூடிவிடும். அதனால் ஃபியூஸ் கேரியர்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பில்லரைப் பூட்டி, பலகை தொங்கவிட்டு, கேபிள் கோர்களை ஒன்றாக எர்த்தோடு கட்டிய பிறகுதான் கை வைத்தோம்.

கம்பங்களின் கதவுகளைத் திறந்து கேபிளைப் பாதி பாதியாகப் பிரித்து மெகர் போட்டோம். பில்லரிலிருந்து இரண்டாவது கம்பம் வரை 80 மெகா ஓம். மூன்றிலிருந்து கடைசி வரை நன்றாக இருந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே முள் எழும்பவே இல்லை. 28 மீட்டர் சிமென்ட் நடைபாதை, கேபிள் எந்த ஓரமாகப் போகிறது என்பதற்கு வரைபடம் கிடையாது.

இடத்தைக் காட்டியது பூக்கார அம்மாதான். "குழாய் போட்டப்ப இங்கதான் தம்பி தோண்டுனாங்க. அப்ப ரெண்டு மூணு நாளு இந்தப் பக்கம் லைட்டே எரியல" என்றார். அவர் கைகாட்டிய இடத்தில் சிமென்ட் பூச்சு நிறம் மாறி இருந்தது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தகவல் அது. அந்தத் தெருவில் தினமும் உட்கார்ந்திருப்பவரிடம் முதலிலேயே கேட்பது எங்கள் வேலையின் ஒரு பகுதி என்று இப்போது நினைக்கிறேன்.

தோண்டியதும் சேற்றுத் தண்ணீர். உள்ளே நான்கு கோர்களையும் முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே பாலிதீன் பையைப் போட்டுச் சணல் கயிற்றால் கட்டிய இணைப்பு. அலுமினியம் வெள்ளைப் பொடியாகியிருந்தது. வெட்டுப்பட்ட ஆர்மரை இரு பக்கமும் இணைக்கவே இல்லை. அதனால் மூன்றாவது கம்பத்திலிருந்து கடைசிக் கம்பம் வரைக்கும் பில்லரோடு உலோகத் தொடர்பு அற்றுப்போய், தங்கள் எர்த் பைப்பை மட்டும் நம்பி நின்றன. ஃபேஸ் கசிந்தது அந்தப் பக்கத்து ஆர்மர் முனைக்கு. இரண்டாவது கம்பம் தப்பித்ததற்கும் மற்றவை மாட்டிக்கொண்டதற்கும் காரணம் இதுதான். ஒரு சாண் தள்ளி சிக்னல் கேபிள், கடப்பாரை பட்டுக் கிழிந்த உறை, பச்சை பூத்த செம்புக் கம்பி. அதே சேற்றில் ஊறிக் கிடந்தது.

4.2 ஆம்பியர் அந்த இணைப்பில் இறங்கும்போது அங்கே விழும் வோல்டேஜ் 190-க்குப் பக்கம். பெருக்கினால் ஏறக்குறைய 800 வாட் வெப்பம். மண்ணைக் காய வைத்துத் தன் கசிவைத் தானே குறைத்துக்கொள்ளும், மழை வந்தால் மறுபடி கூடும். மழை விட்ட மறுநாளே புகார் நின்றுவிடுவதும் அதனால்தான்.

செய்த வேலை

அந்த இடத்தில் புது ஜாயின்ட் போடவில்லை. இரண்டாவது கம்பத்திலிருந்து மூன்றாவதுக்கு ஒரே துண்டாகப் புதுக் கேபிள் இழுத்தோம். நடைபாதையில் ஜாயின்ட் இல்லாமல் முடிக்க முடிகிற இடத்தில் ஜாயின்ட் போடவே கூடாது, கேபிள் விலை அதைவிட மலிவு. இரு முனையிலும் கிளாண்டு (கேபிள் முனையைப் பிடிக்கும் உலோகப் பிடி) போட்டு ஆர்மரை கம்பத்தோடு இறுக்கினோம். சிக்னல் கேபிளை ஒப்பந்த நிறுவனத்தார் தனி ஹெச்.டி.பி.இ. குழாயில் மாற்றிப் போட்டார்கள்.

பில்லரிலிருந்து கடைசிக் கம்பம் வரை 8 கேஜ் ஜி.ஐ. கம்பியைத் தொடர்ச்சியாக ஓட்டி ஒவ்வொரு கம்பத்திலும் போல்ட் போட்டோம். இப்போது கடைசிக் கம்பத்தில் பழுது வட்டத்தின் மின்தடை 3 ஓம். அங்கே ஃபேஸ் கம்பத்தைத் தொட்டால் 75 ஆம்பியருக்கு மேல் ஓடும். கம்பத்துக்குள் இருக்கும் 6 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. 60 ஆம்பியருக்குள் உடனே விழுந்துவிடும். கேபிளிலேயே பழுது வந்தால்? பில்லரில் 32-ஐ 16 ஆக்கினாலும், உடனடி ட்ரிப்புக்கு 160 ஆம்பியர் வரை தேவைப்படலாம். 75 போதாது. அதனால்தான் பில்லரில் 300 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் ரிலே வைத்தோம்; மண்ணுக்குக் கசியும் மின்சாரம் அந்த அளவை எட்டினாலே அது சப்ளையை நிறுத்திவிடும்.

30 மில்லி ஆம்பியர் ஏன் வைக்கவில்லை என்று கேட்பார்கள். ஒவ்வொரு எல்.இ.டி. டிரைவரும் நல்ல நிலையிலேயே கொஞ்சம் எர்த்துக்குக் கசியவிடும். 24 விளக்குக்கு அது சேர்ந்துவிடும். 30 மில்லி கருவி 15-ஐத் தாண்டினாலே விழலாம். அடிக்கடி சாலை இருண்டால் யாராவது ஒருவர் அதை பைபாஸ் செய்துவிட்டுப் போவார், பிறகு காவலே இருக்காது. 300 மில்லி வீண் ட்ரிப் ஆகாது. தொடர் எர்த் கம்பியே அறுந்துபோய்க் கம்பங்கள் மறுபடி அந்த 9 ஓமை மட்டும் நம்பி நின்றாலும், 0.3 மடங்கு 9, அதாவது 2.7 வோல்ட்டிலேயே சப்ளை போய்விடும். 207 எங்கே, 2.7 எங்கே. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய கம்பங்களில் மட்டும் கூடுதலாகக் கம்பத்துக்குள்ளேயே 30 மில்லி போட்டிருக்கிறோம்.

இதற்கெல்லாம் ஆன செலவு புதுக் கன்ட்ரோலருக்குக் கேட்ட விலையில் ஒரு பகுதிதான். அந்த விலைப்புள்ளி கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு வந்த கனமழைகளில் கன்ட்ரோலர் பதிவில் பச்சை மோதல் ஏறவில்லை.

சில நடைமுறைகளும் மாறின. சிக்னல் புகார் நோட்டின் நகல் இப்போது தெருவிளக்குப் பிரிவுக்கும் வருகிறது. சாலை தோண்ட அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் மின் பிரிவின் கையெழுத்துக்கும் இடம் கேட்டிருக்கிறோம். அது இன்னும் ஒப்புதலாகவில்லை. முதல் மழை முடிந்த இரவில் எல்லா பில்லர்களிலும் டாங் டெஸ்டரால் கசிவு பார்த்து எழுதி வைப்பது என்று முடிவு செய்தோம். ஒரு பில்லருக்குச் சில நிமிடம்தான் ஆகிறது, ஒரு கம்பியையும் கழற்ற வேண்டியதில்லை. அப்படிப் பார்த்ததில் அதே குழாய் வேலை நடந்த சந்தைப்பேட்டைப் பக்கப் பில்லரில் 0.6 ஆம்பியர் இருக்கிறது. அந்த வரிசையில் எட்டாவது கம்பத்துக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே மெகர் அளவு விழுகிறது. சப்ளையை எட்டாவது கம்பத்தோடு துண்டித்துவிட்டு, அப்பாலுள்ள விளக்குகளுக்குத் தற்காலிகமாக மேலே ஏ.பி. கேபிள் (கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் இன்சுலேஷன் போட்ட கேபிள்) இழுத்திருக்கிறோம். தண்ணீர் வடிந்ததும் அங்கேயும் தோண்ட வேண்டும்.